பிரான்சிஸ்கோ ஹவியேர் டி பால்மிஸ்

பிரான்சிஸ்கோ ஹவியேர் டி பால்மிஸ் (டிசம்பர் 2, 1753 – பெப்ரவரி 12, 1819) ஸ்பெயின் நாட்டைச் சேர்ந்த அறுவை மருத்துவர் ஆவார். பெரியம்மையைத் தடுக்கும் அம்மைப்பாலை 1803 முதல் 1806 வரையான காலப் பகுதியில் அமெரிக்கக் கண்டங்களுக்கும், பிலிப்பீன்சுக்கும், சீனக் கரைக்கும் கொண்டு சென்ற பயணத்தின் தலைவர் என்ற வகையில் இவர் அறியப்படுகின்றார். ஓர் அரசு தன் செலவில் கடல் கடந்து நடத்திய முதலாவது பெரும் தடுப்பு மருந்துத் திட்டமாக இப்பயணம் பொதுவாகக் கருதப்படுகின்றது. குளிரூட்டும் வசதிகள் எவையும் இல்லாத காலத்தில், மருந்தின் வீரியம் கெடாதிருக்கும் பொருட்டு, அது அனாதைச் சிறுவர்களின் உடலில் ஒருவரிடமிருந்து மற்றவருக்கு மாற்றப்பட்டுக் கொண்டு செல்லப்பட்டது. இம்முறையே பயணத்தின் வெற்றிக்குக் காரணமாகியது. பிற்காலத்தில் இப்பயணம் பற்றி எழுந்த அறவியல் கேள்விகளுக்கும் இதுவே காரணமாகும்.

இளமையும் தொழிலும்

பால்மிஸ் ஸ்பெயினின் கிழக்குக் கரையிலுள்ள அலிகான்டே நகரில் பிறந்தார். இவருடைய தந்தையாரும் பாட்டனாரும் அறுவை மருத்துவத் தொழில் செய்தவர்கள். இளமையில் அலிகான்டேயின் படை மருத்துவமனையில் பயிற்சி பெற்ற இவர், 1775 இல் அல்ஜியர்ஸ் மீது ஸ்பெயின் மேற்கொண்ட படையெடுப்பில் மருத்துவப் பணியாளராகச் சென்றார். பின்னர் படை மருத்துவராக அமெரிக்காவுக்கு அனுப்பப்பட்டு, மெக்சிக்கோ நகர மருத்துவமனைகளில் பல ஆண்டுகள் பணியாற்றினார். அங்கு வழக்கிலிருந்த மூலிகை மருத்துவத்தை ஆராய்ந்து, கற்றாழை இனத்தைச் சேர்ந்த ஒரு செடியும் பெகோனியாச் செடியும் பால்வினை நோய்களுக்குப் பயன்படும் முறை பற்றிய நூலொன்றை 1794 இல் மத்ரித்தில் வெளியிட்டார். அதன் பின்னர் மன்னர் நான்காம் கார்லோசின் அரண்மனை மருத்துவர்களுள் ஒருவரானார்.

படையிலும் குடியேற்ற நாட்டு மருத்துவமனைகளிலும் பெற்ற அனுபவம், நீண்ட கடற்பயணங்கள், வெப்ப நாட்டுச் சூழல், குடியேற்ற நாட்டு நிர்வாகம் ஆகியவற்றைப் பற்றிய நேரடி அறிவை இவருக்கு வழங்கியிருந்தது.

பின்னணி

பெரியம்மை அல்லது வைசூரி, கண்டவர்களுள் ஏறத்தாழ பத்தில் மூவரைக் கொன்ற நோயாகும். பிழைத்தவர்களிலும் பலர் கண்பார்வையை இழந்தனர். நோய் நிலைபெற்ற நாடுகளில் இறந்தவர்களிற் பெரும்பாலானோர் சிறு குழந்தைகளே. பதினாறாம் நூற்றாண்டில் ஐரோப்பியர் வழியாக அமெரிக்காவை அடைந்த இந்நோய், அதற்கு முன்னர் அதனை அறிந்திராத பழங்குடி மக்களிடையே பேரழிவை ஏற்படுத்தியது.

1796 இல் இங்கிலாந்து மருத்துவர் எட்வர்ட் ஜென்னர், மாட்டம்மைக் கொப்புளத்தின் நீரைக் கையில் கீறி ஏற்றுவதன் மூலம் பெரியம்மையைத் தடுக்கலாம் எனக் காட்டினார். அவருடைய நூல் 1798 இல் வெளிவந்தது. இவ்வாறு ஏற்றப்படும் நீரே தமிழில் அம்மைப்பால் என வழங்கப்பட்டது. 1800 ஆம் ஆண்டின் இறுதியில் அம்மைப்பால் ஸ்பெயினை அடைந்தது. பிரெஞ்சு மருத்துவர் மொரோ டி லா சார்த் எழுதிய அம்மைப்பால் பற்றிய நூலை பால்மிஸ் ஸ்பானிய மொழியில் மொழிபெயர்த்து 1803 இல் வெளியிட்டார்.

மன்னரின் குடும்பமும் பெரியம்மையால் பாதிக்கப்பட்டிருந்தது. 1794 இல் அவருடைய மகள் மரியா தெரேசா இந்நோயால் இறந்தாள். 1802 இல் இன்றைய கொலம்பியாவின் பொகோட்டா நகரில் நோய் பரவியபோது, அந்நகர அவையினர் மன்னரிடம் உதவி வேண்டினர். இவ்வேண்டுகோளே பயணத் திட்டத்துக்கு உடனடிக் காரணமாக அமைந்தது.

அம்மைப்பாலைக் கொண்டு செல்வதிலிருந்த சிக்கல்

அம்மைப்பால் எளிதில் கெட்டுவிடும் பொருளாகும். அக்காலத்தில் அதனைக் கொண்டு செல்ல மூன்று வழிகள் இருந்தன. நூலிழைகளை அதில் தோய்த்து உலர்த்திக் கொண்டு செல்வது ஒன்று. இரு கண்ணாடித் தகடுகளுக்கு நடுவே வைத்து, ஓரங்களை மெழுகினால் மூடிக் கொண்டு செல்வது மற்றொன்று. ஐரோப்பாவுக்குள் சில நாட் பயணத்துக்கு இவை ஓரளவு பயன்பட்டன. ஆனால் அட்லாண்டிக் பெருங்கடலைக் கடக்கப் பல வாரங்கள் சென்றன. வெப்பமும் ஈரமும் நிறைந்த கடற்பகுதிகளில் அம்மைப்பால் வீரியம் இழந்தது.

மூன்றாவது வழி கையிலிருந்து கைக்கு மாற்றும் முறை எனப்பட்டது. அம்மைப்பால் ஏற்றப்பட்ட ஒருவரின் கையில் ஒன்பதாம் அல்லது பத்தாம் நாளளவில் முதிர்ந்த கொப்புளம் தோன்றும். அதிலிருந்து எடுக்கும் நீரை, முன்னர் பெரியம்மையோ மாட்டம்மையோ காணாத மற்றொருவருக்கு ஏற்றலாம். கொப்புளம் முதிரும் முன்னர் எடுத்தால் பயனில்லை. உலர்ந்த பின்னரும் பயனில்லை. எனவே சில நாட்களே கொண்ட இடைவெளியில் அடுத்தவர் ஆயத்தமாக இருக்க வேண்டும். சங்கிலியின் ஒரு கண்ணி அறுந்தாலும் மருந்து முழுவதும் இழக்கப்படும்.

வளர்ந்தவர்களுட் பலர் ஏற்கனவே பெரியம்மை கண்டு பிழைத்தவர்களாக இருந்தமையால் அவர்கள் இதற்குப் பயன்படவில்லை. இதனால் சிறு பிள்ளைகள் தேவைப்பட்டனர். பெற்றோர் தம் பிள்ளைகளை இத்தகைய பயணத்துக்கு அனுப்ப முன்வராத நிலையில், அனாதை இல்லங்களிலிருந்து பிள்ளைகளைப் பெற அரசு முடிவு செய்தது.

திட்டம்

பால்மிஸ் முன்வைத்த திட்டத்தை அரசு ஏற்றுக்கொண்டு, 1803 ஜூன் மாதத்தில் அவரைப் பயணத்தின் தலைவராக நியமித்தது. துணைத் தலைவராக ஹோசே சல்வானி என்னும் படை மருத்துவர் அமர்த்தப்பட்டார். மனுவேல் கிரஹாலெஸ், அந்தோனியோ குத்தியேரெஸ் ஆகியோர் உதவி மருத்துவர்களாகச் சேர்ந்தனர். கொருன்யா நகர அனாதை இல்லத்தின் தலைவி இசபெல் செந்தால் சிறுவர்களைப் பராமரிக்கும் பொறுப்பை ஏற்றார். பயணக் குழுவின் ஒரே பெண் உறுப்பினர் இவரே.

தேர்ந்தெடுக்கப்பட்ட சிறுவர்கள் 22 பேர். இவர்களில் பெரும்பாலானோர் வடமேற்கு ஸ்பெயினிலுள்ள கலீசியா பகுதியின் அனாதை இல்லங்களைச் சேர்ந்தவர்கள். வயது ஏறத்தாழ மூன்று முதல் ஒன்பது வரை. இசபெல்லின் மகன் பெனித்தோவும் இவர்களுள் ஒருவன். ஒவ்வொரு சிறுவனுக்கும் ஆறு சட்டைகள், இரண்டு சோடிக் காலணிகள், தொப்பி, சீப்பு முதலியன அரசு செலவில் வழங்கப்பட்டன. தொழில் ஒன்றில் அமரும் வயது வரை இவர்களைப் பேணிக் கல்வி அளிப்பதாக மன்னர் வாக்களித்தார்.

ஒரு வேளையில் இரண்டு சிறுவர்களுக்கு அம்மைப்பால் ஏற்றப்பட்டது. ஒருவனிடம் கொப்புளம் தோன்றாவிட்டாலும், அவன் அதனைச் சொறிந்து உடைத்துவிட்டாலும் மற்றவனிடமிருந்து எடுக்க முடியும் என்பதே இதன் நோக்கம். 22 சிறுவர்கள் 11 இணைகளாவர். ஓர் இணைக்கு ஒன்பது அல்லது பத்து நாட்கள் எனக் கொண்டால் ஏறத்தாழ 100 நாட்களுக்கு மருந்தை உயிருடன் வைத்திருக்கலாம். காற்றின்மையாலோ புயலாலோ கப்பல் தாமதமடைவதும் இக்கணக்கில் அடங்கியிருந்தது. ஏற்றப்பட்ட சிறுவர்கள் ஏனையோரைத் தொடாதவாறு இரவும் பகலும் கண்காணிக்கப்பட்டனர். தற்செயலாக ஒருவனுக்குத் தொற்றினால், கணக்கில் ஓர் இடம் வீணாகிவிடும்.

இவற்றுடன் கண்ணாடித் தகடுகளும், பால்மிஸ் மொழிபெயர்த்த நூலின் 500 படிகளும் கப்பலில் ஏற்றப்பட்டன. செல்லுமிடங்களில் உள்ளூர் மருத்துவர்கள் நூலைப் படித்து வேலையைத் தொடர வேண்டும் என்பது திட்டம்.

பயணம்

கொருன்யாவிலிருந்து வெனிசுவேலா வரை

1803 நவம்பர் 30 அன்று மரியா பீட்டா என்னும் கப்பல் கொருன்யாத் துறைமுகத்திலிருந்து புறப்பட்டது. முதலில் கானரித் தீவுகளில் தங்கி மக்களுக்கு அம்மைப்பால் ஏற்றிய குழுவினர், 1804 சனவரி 6 அன்று அங்கிருந்து புறப்பட்டு, பெப்ரவரி 9 அன்று புவேர்ட்டோ ரிக்கோவை அடைந்தனர். அங்கு அயல்தீவான செயிண்ட் தாமசிலிருந்து அம்மைப்பால் ஏற்கனவே வரவழைக்கப்பட்டு, பிரான்சிஸ்கோ ஒல்லெர் என்னும் மருத்துவரால் ஏற்றப்பட்டிருந்தது. பால்மிஸ் அதன் பயனை ஐயுற்றார். இதனால் உள்ளூர் அதிகாரிகளுடன் கடும் பிணக்கு ஏற்பட்டது.

மார்ச் மாதத்தில் கப்பல் வெனிசுவேலாவின் புவேர்ட்டோ கபெல்லோவை அடைந்தபோது, முதிர்ந்த கொப்புளம் உடையவனாக ஒரே ஒரு சிறுவனே எஞ்சியிருந்தான். பயணம் முழுவதிலும் சங்கிலி அறுந்துபோகும் நிலைக்கு மிக நெருங்கி வந்த இடம் இதுவாகும். கரையிறங்கியவுடன் அவனிடமிருந்து உள்ளூர்க் குழந்தைகளுக்கு அம்மைப்பால் மாற்றப்பட்டது. பின்னர் தலைநகர் கரகாசில் பெருந்தொகையானோருக்கு ஏற்றப்பட்டது.

குழு இரண்டாகப் பிரிதல்

பொகோட்டாவை அடுத்த பகுதிகளில் நோய் பரவியிருந்தமையால், 1804 மே 8 அன்று லா குவைராத் துறைமுகத்தில் குழு இரண்டாகப் பிரிந்தது. சல்வானி தென் அமெரிக்காவை நோக்கிச் சென்றார். பால்மிஸ் கியூபாவுக்கும் மெக்சிக்கோவுக்கும் புறப்பட்டார்.

கியூபாவின் அவானா நகரில் தோமாஸ் ரொமாய் என்னும் மருத்துவர் அதே ஆண்டு பெப்ரவரியிலேயே அம்மைப்பால் ஏற்றும் பணியைத் தொடங்கியிருந்தார். அவருடைய பணியை பால்மிஸ் பாராட்டி ஏற்றுக்கொண்டார். ஆனால் மெக்சிக்கோவுக்கு அம்மைப்பாலை எடுத்துச் செல்ல அங்கு சிறுவர்கள் கிடைக்கவில்லை. எனவே மூன்று அடிமைப் பெண்களை விலைக்கு வாங்கியும், படைப்பிரிவு ஒன்றில் முரசறையும் சிறுவன் ஒருவனைப் பெற்றும் அவர் பயணத்தைத் தொடர்ந்தார். யுகட்டான், வெராகுரூஸ் வழியாகச் சென்ற குழு 1804 ஆகஸ்டில் மெக்சிக்கோ நகரை அடைந்தது. அங்கும் மன்னரின் பதிலாளர் இத்துரிகராய் முன்னரே அம்மைப்பாலைப் பெற்றிருந்தார். மாகாண நகரங்களுக்கு அதனைப் பரப்புவதில் பால்மிஸ் கவனம் செலுத்தினார்.

பிலிப்பீன்சும் சீனாவும்

பசிபிக் பெருங்கடலைக் கடக்கும் நெடும் பயணத்துக்கு மெக்சிக்கோவில் 26 சிறுவர்கள் சேர்க்கப்பட்டனர். இவர்களை அனுப்பிய குடும்பங்களுக்குப் பணமும், பிள்ளைகள் திருப்பி அனுப்பப்படுவர் என்ற உறுதியும் வழங்கப்பட்டன. 1805 பெப்ரவரியில் அக்காபுல்கோவிலிருந்து மகல்லானெஸ் என்னும் கப்பல் புறப்பட்டது. கப்பலில் சிறுவர்களுக்கு அழுக்கு நிறைந்த இடமே ஒதுக்கப்பட்டது. தரையில் நெருக்கமாகப் படுத்திருந்த அவர்கள் உறக்கத்தில் ஒருவர்மீது ஒருவர் உருண்டமையால் முறை தவறி அம்மைப்பால் தொற்றியது. கப்பல் தலைவரின் இச்செயல் குறித்து பால்மிஸ் பின்னர் முறையிட்டார். எனினும் சங்கிலி அறுபடாமல் 1805 ஏப்ரல் 15 அன்று கப்பல் மணிலாவை அடைந்தது. பால்மிஸ் சென்ற பின்னரும் குத்தியேரெஸ் அங்கு தங்கிப் பணியைத் தொடர்ந்தார். பிலிப்பீன்சில் ஏறத்தாழ 20,000 பேருக்கு அம்மைப்பால் ஏற்றப்பட்டதாக மதிப்பிடப்படுகின்றது.

உடல்நலம் குன்றியிருந்த பால்மிஸ், 1805 செப்டெம்பரில் மூன்று சிறுவர்களுடன் போர்த்துக்கேயரின் மக்காவுக்குச் சென்றார். வழியில் சூறாவளியில் சிக்கிய கப்பல் பெரிதும் சேதமடைந்தது. மக்காவிலும் கன்ட்டோன் நகரிலும் அவர் அம்மைப்பால் ஏற்றினார். அதே ஆண்டில் ஆங்கில மருத்துவர் அலெக்சாண்டர் பியர்சனும் அப்பகுதியில் இப்பணியைத் தொடங்கியிருந்ததால், சீனாவுக்கு அம்மைப்பாலை முதலிற் கொண்டு சென்றவர் யார் என்பதில் கருத்து வேறுபாடு உள்ளது. நாடு திரும்பும் வழியில் செயிண்ட் எலனாத் தீவிலிருந்த ஆங்கிலேயருக்கும் ஏற்றிய பின்னர், 1806 ஆகஸ்டில் லிஸ்பனை அடைந்தார். செப்டெம்பர் 7 அன்று மன்னரைச் சந்தித்தார்.

சல்வானியின் பயணம்

சல்வானியின் கப்பல் புறப்பட்ட சில நாட்களிலேயே மக்தலேனா ஆற்றின் முகத்துவாரத்துக்கு அருகில் உடைந்தது. குழுவினர் உயிர் தப்பி கார்த்தகேனாவை அடைந்தனர். அங்கிருந்து ஆற்று வழியாகவும் அந்தீஸ் மலைகளின் ஊடாகவும் பொகோட்டா, கீட்டோ, லிமா ஆகிய நகரங்களுக்கு அம்மைப்பால் கொண்டு செல்லப்பட்டது. ஊருக்கு ஊர் உள்ளூர்ச் சிறுவர்களே மருந்தைச் சுமந்தனர். வழியில் சல்வானி ஒரு கண்ணின் பார்வையை இழந்தார். 1806 இல் லிமாவை அடைந்தபோது, அங்கு வேறு வழியாக வந்த அம்மைப்பால் விலைக்கு விற்கப்பட்டு வந்தது. இலவசமாக ஏற்றும் கொள்கையை நிலைநாட்டுவது எளிதாக இருக்கவில்லை. நோயுற்ற நிலையிலும் பணியைத் தொடர்ந்த சல்வானி, 1810 ஜூலை 21 அன்று இன்றைய பொலிவியாவிலுள்ள கொச்சபாம்பா நகரில் இறந்தார். கிரஹாலெஸ் சிலி வரை சென்று பணியாற்றினார்.

அம்மைப்பால் அவைகள்

அம்மைப்பால் ஓர் ஊருக்கு வந்து சேர்வதால் மட்டும் பயன் நிலைக்காது என்பதை பால்மிஸ் உணர்ந்திருந்தார். பயணக் குழு சென்ற பின்னர் ஏற்றுவதற்குக் குழந்தைகள் வராவிட்டால் சில வாரங்களில் மருந்து அற்றுப்போகும். இதனைத் தடுக்க, முக்கிய நகரங்களில் அம்மைப்பால் அவைகள் நிறுவப்பட்டன. முதலாவது நடு அவை கரகாசில் அமைந்தது.

மருத்துவர்களும் ஊர்ப் பெரியோரும் இவ்வவைகளில் உறுப்பினராயினர். குறிப்பிட்ட நாட்களில் குழந்தைகளை அழைத்து ஏற்றுவதும், முதிர்ந்த கொப்புளங்களிலிருந்து நீரை எடுத்து அடுத்தவர்களுக்கு மாற்றுவதும், ஏற்றப்பட்டவர்களின் பெயர்களைப் பதிவேட்டில் எழுதுவதும், அயல் ஊர்களுக்கு மருந்தை அனுப்புவதும் இவற்றின் கடமைகள். எவரிடமும் கட்டணம் பெறக்கூடாது என்பது விதி. மக்கள் மருத்துவமனைகளை நோயும் சாவும் நிறைந்த இடங்களாக அஞ்சியமையால், ஏற்றும் நிலையத்தைத் தனி வீடொன்றில் அமைக்குமாறு பால்மிஸ் அறிவுறுத்தினார். விடுதலைப் போர்களின்போது பல ஊர்களில் அவைகளின் பணி தடைப்பட்டது.

சிறுவர்களின் நிலை

ஸ்பெயினிலிருந்து சென்ற சிறுவர்கள் நாடு திரும்பவில்லை. அவர்கள் மெக்சிக்கோ நகரில் ஆதரவற்றோர் இல்லமொன்றில் சேர்க்கப்பட்டனர். மன்னர் வாக்களித்த அளவுக்கு அங்கு கவனிப்பு இல்லை என பால்மிஸ் முறையிட்டார். பின்னர் அவர்கள் ஒரு பள்ளிக்கு மாற்றப்பட்டனர். சிலர் குடும்பங்களால் தத்தெடுக்கப்பட்டனர். மெக்சிக்கோச் சிறுவர்கள் பிலிப்பீன்சிலிருந்து குத்தியேரெஸ், இசபெல் செந்தால் ஆகியோருடன் 1807 இல் அக்காபுல்கோவுக்குத் திரும்பினர். இசபெல் தம் மகனுடன் புவெப்லா நகரில் குடியேறினார். ஆவணங்களில் இவருடைய குடும்பப் பெயர் பல்வேறு வடிவங்களில் காணப்படுகின்றது. சிறுவர்களை இவர் ஓய்வின்றிப் பராமரித்ததாகவும், அதனால் உடல்நலம் இழந்ததாகவும் பால்மிஸ் எழுதியுள்ளார்.

இச்சிறுவர்களிடமோ, அடிமைப் பெண்களிடமோ ஒப்புதல் பெறப்படவில்லை. அக்காலத்தில் ஏழைப் பிள்ளைகள் அரசின் பொறுப்பிலுள்ளவர்களாகக் கருதப்பட்டமையால், இது பெரிய கேள்வியாக எழவில்லை. மாட்டம்மை உயிருக்கு ஆபத்து விளைவிப்பது அரிது. ஏற்றப்பட்ட சிறுவர்கள் பெரியம்மையிலிருந்தும் காக்கப்பட்டனர். ஆனால் நீண்ட கடற்பயணத்தின் இடர்களையும், பிறந்த நாட்டை நிலையாகப் பிரிவதையும் அவர்கள் ஏற்க வேண்டியிருந்தது. கையிலிருந்து கைக்கு மாற்றும் முறை கிரந்தி போன்ற பிற நோய்களையும் பரப்பக்கூடும் என்பது பத்தொன்பதாம் நூற்றாண்டில் தெளிவாகியது. பின்னர் கன்றுக்குட்டிகளிடமிருந்து அம்மைப்பாலைப் பெறும் முறை அதன் இடத்தைப் பிடித்தது.

பிற்கால வாழ்க்கை

1808 இல் நெப்போலியனின் படைகள் ஸ்பெயினைக் கைப்பற்றின. நெப்போலியனின் அண்ணன் ஜோசப் பொனபார்ட்டை மன்னராக ஏற்று உறுதிமொழி அளிக்க மறுத்த பால்மிஸ், மத்ரித்தை விட்டு நாட்டின் தென் பகுதிக்குச் சென்றார். அவருடைய வீடும் உடைமைகளும் சூறையாடப்பட்டன. பயண நாட்குறிப்பும் அப்போது தொலைந்தது. இதனால் இப்பயணத்தின் வரலாறு பெரும்பாலும் கடிதங்கள், அரச ஆணைகள், உள்ளூர்ப் பதிவுகள் ஆகியவற்றைக் கொண்டே எழுதப்பட்டுள்ளது.

1810 இல் அம்மைப்பால் அவைகளின் நிலையை ஆராய அவர் மீண்டும் மெக்சிக்கோவுக்குச் சென்றார். விடுதலைக் கிளர்ச்சி தொடங்கியிருந்த காலமாகையால் பணி கடினமாயிற்று. 1813 அளவில் ஸ்பெயின் திரும்பிய இவர், 1819 பெப்ரவரி 12 அன்று மத்ரித்தில் காலமானார்.

இந்தியாவுடன் ஒப்பீடு

பால்மிசின் பயணத்துக்கு முன்னரே இந்தியாவுக்கும் அம்மைப்பால் இதே முறையில் வந்து சேர்ந்தது. கடல் வழியாக நேரடியாக அனுப்பப்பட்டவை வீரியம் இழந்தமையால், பாக்தாத், பஸ்ரா வழியாக ஆட்களின் கைகளில் மாற்றப்பட்டு அது கொண்டு வரப்பட்டது. 1802 ஜூன் 14 அன்று பம்பாயில் அன்னா டஸ்தால் என்னும் மூன்று வயதுக் குழந்தைக்கு முதன்முதலாக வெற்றிகரமாக ஏற்றப்பட்டது. அங்கிருந்து சென்னை உள்ளிட்ட பிற பகுதிகளுக்கு அம்மைப்பால் பரவியது.

முக்கியத்துவம்

ஜென்னரும் அலெக்சாண்டர் வொன் அம்போல்டும் இப்பயணத்தைப் பாராட்டியுள்ளனர். மருந்தைக் கண்டுபிடித்தவர் பால்மிஸ் அல்லர். அவர் சென்ற பல இடங்களில் அம்மைப்பால் அவருக்கு முன்னரே வந்திருந்தது. கெட்டுவிடும் மருந்தொன்றைக் கால அட்டவணைப்படி நகர்த்துவதையும், அதனுடன் பயிற்சி, பதிவேடு, உள்ளூர் நிர்வாகம் ஆகியவற்றையும் ஒரே திட்டமாக இணைத்தமையே அவருடைய பங்களிப்பாகும். இருபதாம் நூற்றாண்டில் குளிர்ச் சங்கிலி என்ற பெயரில் உருவான தடுப்பு மருந்து வழங்கல் முறைகளுக்கு முன்னோடியாக இது குறிப்பிடப்படுகின்றது. பெரியம்மையைப் பொறுத்தவரை, வெப்பம் தாங்கக்கூடிய உறைநிலை உலர் தடுப்பு மருந்து 1950களில் உருவான பின்னரே இச்சிக்கல் முற்றாகத் தீர்ந்தது. 1980 மே மாதத்தில் உலக சுகாதார அமைப்பின் பேரவை, பெரியம்மை ஒழிக்கப்பட்டதாக அறிவித்தது.

நினைவு

பயணத்தின் இருநூறாம் ஆண்டையொட்டி, கொருன்யாவில் சிறுவர்களின் நினைவாகச் சின்னம் ஒன்று அமைக்கப்பட்டது. 2006 இல் வெளிவந்த ஜூலியா அல்வாரெசின் ஆங்கிலப் புதினமொன்று இசபெல்லின் பயணத்தைக் கருவாகக் கொண்டது. 2020 மார்ச்சில் கோவிட்-19 பெருந்தொற்றை எதிர்கொள்ள ஸ்பெயின் படையினர் மேற்கொண்ட நடவடிக்கைக்கு பால்மிசின் பெயர் சூட்டப்பட்டது. அதே ஆண்டு டிசம்பரில் மத்ரித்தில் திறக்கப்பட்ட பெருந்தொற்று மருத்துவமனைக்கு இசபெல் செந்தாலின் பெயர் இடப்பட்டது.